நூற்றுப் பதினான்காம் அறையின் மணி

முப்பத்தொரு வருடம் டுலூத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்.
ஏழு பன்னிரண்டு என்றால் ஏழு பன்னிரண்டு,
பனிப்புயலே வந்தாலும்.
தம்பியின் தலைமாட்டுச் சிவப்புப் பொத்தானை
முதல்முறை அழுத்தியபோது
கடிகாரத்தைப் பார்க்க வேண்டுமென்று நினைக்கவில்லை.
கை தானே திரும்பிக்கொண்டது.

பதினொரு நிமிடம்.
மறுநாள் இருபத்து மூன்று.
ஞாயிறு மாலை, எல்லாத் தொலைக்காட்சியிலும் ஆட்டம் ஓடியபோது,
நாற்பத்தாறு.
அதற்குள் விரிப்பு நனைந்துவிட்டது.
வெர்னர் சுவரைப் பார்த்துக்கொண்டான்.
துறைமுகத்தில் தாதுக் கப்பல்களை வடம் போட்டு நிறுத்தியவன்.
இப்போது ஒரு கரண்டி நிற்க மாட்டேனென்கிறது அந்தக் கையில்.

பச்சை அட்டை நோட்டு ஒன்று வாங்கினேன்.
தேதி. அழுத்திய நேரம். வந்த நேரம். வந்தவர் பெயர்.
வராதவர்களின் பெயர் எனக்குத் தெரியாது.

காபி இயந்திரத்தின் பக்கத்தில்தான் நாங்கள் கூடுவோம்.
சொந்தப் பெயர்கள் அங்கே செல்லாது.
அவர் இடுப்பெலும்பின் மகள்,
இவர் முதுகுத்தண்டின் அப்பா,
நான் பக்கவாதத்தின் அக்கா.
டூ வாங் அம்மாவுக்குத் தினமும் ஃபிளாஸ்கில் கஞ்சி கொண்டுவருவான்.
மதியத் தட்டு மூடி திறக்காமலே திரும்பிப் போனதை
ஒருமுறை பார்த்துவிட்டான்.
"நகத்தைப் பாருங்கள் போதும்," என்பான்,
"மீதியை யாரிடமும் கேட்க வேண்டாம்."

லுவேல் டூப்ரே கேக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறது.
கணவர் மூன்றே வாரத்தில் நடந்து வீட்டுக்குப் போகிறார்.
"தேவதைகள்," என்றாள், "இங்கே எல்லாரும் தேவதைகள்."
பொய் சொல்லவில்லை அவள்.
அவர்கள் அறை கிழக்குப் பக்கம். சன்னலைத் திறந்தால் ஏரி.
எங்கள் சன்னலுக்குக் குப்பை வண்டி.
ஒரே கூரை, ஒரே சூப்,
ஆனால் காப்பீட்டுக்குத் திசை உண்டு.
கேக் நன்றாகத்தான் இருந்தது.
இரண்டு துண்டு தின்றேன், கோபத்தோடு.

நிர்வாகி, "உங்கள் குறையைக் கேட்கிறோம்," என்றார்.
கேட்டார்.
மறுவாரமும் கேட்டார்.
காதில் ஒரு கோளாறும் இல்லை அவருக்கு.

பிறகு அந்த இரவு. முப்பத்தெட்டு நிமிடம்.
ஹோடன் ஓடிவந்தாள், முக்காட்டு விளிம்பில் யாருடைய மருந்தோ சிந்தியிருந்தது.
நோட்டைத் தூக்கிக் காட்டினேன்,
சிவப்பு விளக்கைத் தாண்டிய காரோட்டியிடம் நீட்டுவதுபோல.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
அவனைத் துடைத்தாள். திருப்பினாள்.
"எந்தப் பக்கம் வலிக்கிறது, வெர்னர்?" என்று கேட்டுவிட்டு
சும்மா நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள்.
வாசலுக்கு வெளியே இன்னும் இரண்டு மணிகள் அடித்தன.
"இட..."
இடது என்று முடித்துவைக்க என் நாக்கு எழுந்தது,
ஆறு வாரமாக அப்படித்தான் முடித்துவைத்தேன்.
அவள் கையை லேசாக உயர்த்தி என்னை நிறுத்தினாள்.
"...இடுப்பு," என்றான்.

என் பேனாவை வாங்கி
என் வரிக்குக் கீழே எழுதினாள்:
இன்றிரவு நோயாளிகள் முப்பத்தெட்டு. நாங்கள் இருவர்.
ஹோடன் வர்சமே.
முழுப்பெயர், அழகான கையெழுத்து.
"அனுப்பும்போது இதையும் அனுப்புங்கள்."

அனுப்பினேன்.
நூலகத்தில் பக்கத்துக்குப் பத்து சென்ட், நாற்பத்தொரு பக்கம்.
கிடைத்தது என்று மாநில அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.
அந்த வியாழன் ஹோடன் வரவில்லை.
வெள்ளியும் இல்லை.
வேறு வேலை கிடைத்திருக்கும் என்றான் டூ.
அந்த ஒரு பக்கத்தை விட்டுவிட்டு அனுப்பியிருக்கலாமோ
என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

இன்று வெர்னர் தானே பொத்தானை அழுத்தினான்.
என்ன வேண்டும் என்றேன்.
வாய் கோணி, திறந்து, மூடி, மறுபடி திறந்து,
"அந்த... அந்தப் பெண்..."
நான் முடித்துவைக்கவில்லை.
"...எங்கே?"

நோட்டு மடியில் இருந்தது.
நேரம் எழுதினேன்.
வந்தவர் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனா நின்றுவிட்டது.