ஐந்தரைக் கட்டை

முதல் நாள் அவள் வாயைத் திறக்கவே இல்லை.
மூலைக்கரைப்பட்டிக் கொடை. மேடைக்குப் பின்னால்
சேலையைத் தடுப்பாகக் கட்டிய இடத்தில்
அரிதாரம் காயட்டும் என்று உதடு அசையாமல்
இடக்கை விரல் ஐந்தையும் விரித்தாள்,
வலக்கைச் சுண்டுவிரலைப் பாதி மடித்தாள்.
ஐந்தரை.
கறுப்புக் கட்டையில் விரல் வைத்தேன்.
பெட்டிக்காரன் பிழைப்பு அதுதான்,
கேட்ட இடத்தில் விரல் வைப்பது.

ராஜபார்ட் திண்டுக்கல்காரர்.
அதற்கு முன் அவளைப் பார்த்ததும் இல்லை.
ஒத்திகை கிடையாது எங்கள் நாடகத்தில்;
திரை விலகிய பிறகுதான்
காதலனுக்கும் காதலிக்கும் அறிமுகம்.
தர்க்கத்தில் அவர் பத்துக் கேள்வி கேட்டார்.
பதினொன்றாவதை உலகம்மாள் கேட்டாள்.
துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு
"விடியப் போகுதே தாயி" என்றார் ராஜா.
முன்வரிசையில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள்
எழுந்து நின்று சிரித்ததில்
தட்டு சரிந்து, இலையெல்லாம் மண்ணில்.

பிறகு இருபத்தாறு வருடம்.
பாப்பாக்குடியில், பிள்ளை பெற்ற நாற்பத்தோராம் நாள்,
ரவிக்கை நனைந்தபோது
பபூன் தன் சால்வையை உருவி
பெண் கேட்டு வந்தவன் மாதிரி அவள் தோளில் போர்த்தினான்.
கூட்டம் அதையும் கதையென்று எண்ணிக் கைதட்டியது.
வீரவநல்லூர் வீட்டுக்கு மச்சு போட்டது ஐந்தரை.
மூத்தவனை பாலிடெக்னிக்கில் சேர்த்தது ஐந்தரை.
புருஷன் வாங்கிய கடனை அடைத்ததும் அதுதான்,
அவன் மறுபடி வாங்கியதையும்.

அப்புறம் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி.
கழுத்தில் ஒரு கட்டி, பதினோரு தையல்.
தழும்பை அட்டிகை மறைத்தது.
குரலுக்கு எந்த நகையைப் பூட்ட?

களக்காட்டில் நான் ஒரு களவு செய்தேன்.
மிருதங்கக்காரர் காதில் மட்டும் சொல்லிவைத்தேன்.
அவர் கல்லை எடுத்து
மூட்டைக் கீழிருந்து தட்டிச் சுருதி இறக்கினார்.
ஏன் என்று கேட்கவில்லை.
திரைக்குள்ளிருந்து வழக்கமான விரல்கள் வந்தன.
நான் பக்கத்து வெள்ளைக் கட்டையை அழுத்தினேன்.
ஒரு மூச்சு நின்றது. பிறகு பாடினாள்.
மாலை, சோடா, ஊக்கில் குத்திய ஐம்பது ரூபாய்,
எல்லாம் வந்தன.

விடிகாலை டீக்கடையில்
கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:
"அண்ணாச்சி, என் கழுத்தை டாக்டர்கூட
கேட்டுட்டுத்தான் அறுத்தாரு."
ஒரு சீசன் முழுக்க வேறு பெட்டிக்காரரோடு போனாள்.

திரும்பி வந்தது நாங்குநேரியில்.
மறுபடி ஐந்தரை காட்டினாள். கொடுத்தேன்.
மேல் சட்ஜமத்துக்குப் போன குரல்
விலக்கில் ஆளை இறக்கிவிட்ட பஸ் மாதிரி
ஊருக்குள் வராமலே போய்விட்டது.
கூட்டம் இருமியது.
அவள் என்னைப் பார்த்தாள். மேடையில் வைத்தே,
எல்லாரும் பார்க்க,
வலக்கையை மட்டும் கீழே போட்டாள்.
ஐந்து.

அடுத்த வருடம் நாலரை. அதற்கடுத்து
நோட்டீஸ் அடிக்கிறவர் போனில் இழுத்தார்,
"தாய் வேசம் போட்டுக்கிடுதீயளா?"
"நாலு கட்டைக்கு வேற என்ன இருக்கு?"
"ராஜபார்ட்டுதான்" என்று சிரித்தார் மனுஷன்.
அவள் சிரிக்கவில்லை.
கிரீடத்துக்குத் தலை அளவு கொடுத்தாள்.

போன ஆனியில் ஆலங்குளம் பக்கம் ஒரு கொடை.
தென்காசியிலிருந்து வந்த புது ஸ்திரீபார்ட்
எனக்கு ஐந்து விரலும் ஒரு மடக்கிய விரலும் காட்டினாள்.
ராஜாவுக்கு ஒன்று, அந்தப் பிள்ளைக்கு ஒன்று என்று
இரவெல்லாம் கட்டை மாற்றி என் விரல் அலைந்தது.
பதினொன்றாவது கேள்வி அவளிடமிருந்துதான் வந்தது.
ராஜா பதில் சொன்னார்.
மீசையைத் தடவிக்கொண்டு பன்னிரண்டாவதைக் கேட்டார்.

காலை ஆறு மணி, டவுன் பஸ்.
பசை முழுதாக விடவில்லை;
பாதி மீசை இன்னும் உதட்டுக்கு மேல்.
மகளிருக்குக் கட்டணமில்லை. கண்டக்டர்
சேலையை ஒருதரம், மீசையை ஒருதரம் பார்த்தார்.
"என்னவே பாக்கீரு?" என்றாள் நாலு கட்டையில்.
"மீசைக்கு மட்டும் அரை டிக்கெட்டு போடும்."

எனக்கு முழு டிக்கெட்.
பெட்டிக்கு லக்கேஜ்.