கணக்கில் வராத பச்சை

சேன்-ஆந்த்ரே கோயில் கோபுரத்துக்கு வர்ணம் பூச
என்னைக் கும்பகோணத்திலிருந்து வரவழைத்தார்கள்.
எனக்கு முன்பே கப்பலில் வந்து இறங்கியிருந்தன
நாற்பத்திரண்டு டப்பாக்கள்.
மயில் நீலம், கிளிப் பச்சை, குங்குமச் சிவப்பு.
மயிலைப் பிடித்து அடைத்தவன் எவனோ,
மூடியைத் திறந்தால் தின்னர் வாசம்தான்.

இருபத்தொன்பது வருஷத் தொழில்.
தாமரை என்றால் ரோஸ்.
மேகம் என்றால் வெள்ளையில் ஒரு சொட்டு நீலம்.
நிஜத் தாமரையை நின்று பார்த்தது எப்போது,
ஞாபகமில்லை.
தேவைப்படவும் இல்லை.

மே மாதம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம்
கலவை போடும் இவான் பாணியாண்டி
சாரத்துக்குக் கீழிருந்து கத்தினான்.
அவனுக்குத் தெரிந்த தமிழ் பதினைந்து சொல்,
அதில் பாதி சாமி பெயர்.
"உலை! உலை!"
சோறு வடிக்கக் கூப்பிடுகிறான் என்று
நிதானமாகத்தான் இறங்கினேன்.
அது மலையின் பெயர்.
மலை கொதித்துவிட்டதாம்.

இரண்டு மணி நேரம் கார்.
சாலையோரம் ஊரே திரண்டிருந்தது,
கம்பளிக்குள் பிள்ளைகள்,
டிக்கியில் கறிச்சட்டி.
தூரத்துச் சரிவில் ஒரு கோடு.

அது சிவப்பு இல்லை.
சிவப்பு என்று எழுதிய எந்த டப்பாவிலும் அது இல்லை.
ஓரம் கறுக்கும், கறுத்ததைக் கிழித்துக்கொண்டு
உள்ளிருந்து இன்னொன்று வரும்,
அதற்குப் பெயர் தேடுவதற்குள்
அதுவும் கறுக்கும்.
வர்ணம் காயும் நேரம் எனக்குக் கைமனப்பாடம்.
இதுவோ
காயும்போதும் யோசித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து காளியின் நாக்கில் கைவைத்தேன்.
ஏழு கலவை. ஏழு முறை சுரண்டல்.
ஆரஞ்சைக் கூட்டினால் ஐஸ் தின்ற நாக்கு,
கருப்பைக் கூட்டினால் ஜுரம் வந்த நாக்கு.
"நாக்கு எப்போது வரும்?" என்று
தலைவர் கடிவேல் தினமும் அண்ணாந்து கேட்டார்.
எட்டாம் நாள்
டப்பாவில் இருந்ததை இருந்தபடி பூசினேன்.
எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.
எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இவான்
பழைய நெருப்பைக் காட்டக் கூட்டிப்போனான்.
எப்போதோ சாலையை விழுங்கிக் கடலுக்குப் போனது,
இப்போது வெறும் கருங்கல்.
வெறும் என்றா சொன்னேன்?
குனிந்தால் கல்லெல்லாம் சாம்பல் நிறப் பாசி,
தானே எடுத்துப் பூசிக்கொண்ட விபூதி போல.
விரிசலில் ஒரு பெரணி,
இன்னும் விரியாத நுனி,
உள்ளே உள்ளே சுருண்டு.
யாளியின் துதிக்கைக்கு இதே சுருளை
ஆயிரம் தடவை போட்டிருக்கிறேன்,
அப்பா போட்டதைப் பார்த்து,
அவர் யார் போட்டதையோ பார்த்து.
முதலில் போட்டவன்
எதைப் பார்த்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது.
தெரிந்த மாதிரி இருந்தது.

ஜூலை முழுக்கத் தூறல்.
பத்து நாள் கழித்து வடக்குப்பக்கம் ஏறினால்
மூன்றாம் நிலையில், வர்ணம் பூசாத யாளியின்
முதுகிலும் பிடரியிலும்
பாசி பிடித்திருந்தது.
கண் குழியில் மட்டும் கூடுதலாக.

கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும்,
பிரைமர் அடிக்க வேண்டும்,
பிறகு கிளிப் பச்சை இரண்டு கோட்டிங்.
பிரஷ் கையில்தான் இருந்தது.
கிட்டே போனேன்.
அந்தப் பச்சை ஓரத்தில் மஞ்சளாகி,
நடுவில் கிட்டத்தட்டக் கருப்பாகி,
நான் மூச்சு விட்டபோது கொஞ்சம் அசைந்தது.

கீழிருந்து பார்த்தால் தெரியாது.
பிரஷ்ஷைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு
கிழக்குப்பக்கம் போனேன்,
அங்கே ஒரு துவாரபாலகருக்கு மீசை பாக்கி.

கும்பாபிஷேகம் முடிந்து கணக்கு ஒப்படைத்த அன்று
கடிவேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
ஒவ்வொரு வரியாக விரல் வைத்தார்.
"கிளிப் பச்சை ஒன்றரை டப்பா மிச்சம்.
எப்படி?"

"இந்த ஊரில்
அது கொஞ்சம் விளைகிறது" என்றேன்.