நாற்பத்தோராம் பத்தி

ட்ரொண்ட்ஹைமில் பிற்பகல் இரண்டரைக்கே விளக்கைப் போட்டுவிடுவோம்.
என் வேலை எளிது, சொல்லத்தான் கூச்சம்:
பிறந்து பதினெட்டு மாதமான கம்பெனிகளுக்கு
ஆயுள் கணிப்பது.
நிதியத்தில் இதற்குப் பெயர் 'மாதிரி'.
வரவேற்பில் இருக்கும் ஓட்வார் மட்டும்
சாவுக்கணக்கு என்பான்.

இருநூற்றுப் பதினான்கு கம்பெனிகள், நாற்பது பத்திகள்.
தொடங்கியவர் வயது, படிப்பு, கையிருப்பு,
காப்புரிமை எத்தனை, சம்பளம் எத்தனை மாதம் தாங்கும்.
எல்லாவற்றையும் அரைத்தால் வரும் எண்
காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல்.
கொஞ்சம்தான்.

ஒரே வாரத்தில் இரண்டு விண்ணப்பம் வந்தன.
இரண்டும் சால்மன் பண்ணைக்காரர்களின் தலைவலிக்கு:
மீன்மேல் ஒட்டும் கடற்பேனை எண்ணித் தருவது.

முதல் கம்பெனி எல்லாமே சொந்தமாய்ச் செய்தது.
கேமரா, லென்ஸ், மிதவை, சிப்பு,
சிப்புக்குள் ஓடும் மென்பொருள்,
மிதவைக்குப் பூசும் மஞ்சள் சாயம்கூட.
பதினொரு காப்புரிமை.
மாதிரி எண்பத்திரண்டு கொடுத்தது.

இரண்டாவது சுன்னிவாவுடையது.
ஹித்ரா தீவிலிருந்து வந்தவள்
ரப்பர் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுக்
காலுறையோடு உட்கார்ந்தாள்.
கேமரா? கடையில் வாங்கியது.
மிதவை? பண்ணைக்காரருடையது.
சர்வர்? மாத வாடகை.
'அப்புறம் உங்களுடையது என்னதான்?'
'கலங்கல் தண்ணீர்' என்றாள்.

நான்கு வருடமாய் ஒன்பது ஃபியோர்டுகளில்,
பனி உருகி இறங்கும் நாட்களில்,
பாசி பூத்த வாரங்களில்
எடுத்த மங்கல் படங்கள் மூன்று லட்சம்.
ஒவ்வொரு பேனையும் கையால் வட்டமிட்டிருந்தார்கள்,
அவளும் தம்பியும்
பள்ளி விட்டு வரும் இரண்டு பையன்களும்.
'தெளிந்த தண்ணீரில் யார் வேண்டுமானாலும் எண்ணுவார்கள்.'

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.
கேமரா செய்யமாட்டேன்.
பேனுக்கு மருந்து விற்கமாட்டேன்.
இங்கே இருநூறு கூண்டு சேரும்வரை சிலிக்குப் போகமாட்டேன்.
படங்களை எவருக்கும் தரமாட்டேன்.

அதைப் போட என்னிடம் பத்தி இல்லை.
முப்பத்தொன்று வந்தது. அதையே அறிக்கையில் எழுதினேன்.

மூன்றாம் வருடம் கேமரா விலை பாதியாய் விழுந்தது.
எல்லாம் சொந்தமாய் வைத்திருந்தவர்களுக்கு
அதுவே கழுத்தில் கட்டிய கல்.
அகலக்கால் என்று சொல்ல ஒரு சொல் போதும்,
எனக்கு எண்பத்திரண்டு என்ற எண் தேவைப்பட்டிருக்கிறது.
பன்னிரண்டாவது காப்புரிமைச் சான்று
திவால் மனுவுக்கு மறுவாரம் தபாலில் வந்தது.
சுன்னிவா நானூறு கேமரா வாங்கினாள்.

அன்றிரவு நாற்பத்தோராம் பத்தியைச் சேர்த்தேன்:
'எதைச் செய்யமாட்டார்கள்?'
பழைய கோப்புகளைக் கிளறி
இருநூற்றுப் பதினான்குக்கும் நிரப்பினேன்.
எண் நிமிர்ந்து உட்கார்ந்தது.
ஓட்வாருக்கு கேக் வாங்கிக் கொடுத்தேன்.

விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது.
இப்போது வருகிற எல்லோர் கையிலும்
'செய்யமாட்டோம்' பட்டியல்,
பளபளக்கும் தாளில், நான்கு வண்ணத்தில்.
மீனுக்குத் தலையும் பாம்புக்கு வாலும் காட்டத் தெரிந்தவர்களுக்கு
என் பத்தி எம்மாத்திரம்.

போன வாரம் ஹித்ராவுக்குப் போன் போட்டேன்.
பின்னால் கடற்காக்கைகள், யாரோ சுத்தியலால் அடிக்கும் சத்தம்.
கேமரா செய்யத் தொடங்கிவிட்டாளாம்.
'நோட்டில் முதல் வரியே அதுதானே?'
'வாங்கிய கேமரா ராத்திரியில்
என் படங்களைத் தன் முதலாளி வீட்டுக்கு அனுப்புகிறது.
நாலாவது வரியைக் காப்பாற்ற வேண்டுமே.'

விரிதாளைத் திறந்து வைத்திருக்கிறேன்.
அவள் வரிசையில், நாற்பத்தொன்றில்,
கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கிறது.
மணி மூன்றுகூட ஆகவில்லை,
வெளியே இருட்டிவிட்டது.