அறுபத்து நாலு கிலோ பிரிவு

விசுவமடுவில் ஒரு பழைய சங்கக்கடைக் கட்டடம்.
சீமெந்து மூட்டை அடுக்கிய இடத்தில் இப்போது
ஒரு பார், பன்னிரண்டு தட்டு,
சோக்குத் தூள் நிரப்பிய ஒரு மைலோ ரின்.

மிதுலா என்னிலும் முந்தி வருவாள்,
நாலரைக்கு, நாய்கள் எழும்ப முதல்.
ஒரே முட்டை, ஒரே பயறு,
ஒரே கொப்பியில் எழுதின ஒரே பயிற்சி.
எட்டு மாதம்.
அவளுடைய கை இன்னும் அதே கைதான்.
என் தோள் மட்டும் பள்ளிக்கூடச் சட்டையை
இரண்டு தரம் கிழித்துவிட்டது.

"எடியே, ஒளிச்சு என்னடி தின்னுறாய்?"
பகிடியாய்த்தான் கேட்டாள்.
சிரித்து முடிந்த பிறகும்
அவள் கண் என் தோளைவிட்டு எடுபடவில்லை.

உயிரியல் பாடத்தில் பரம்பரையலகு.
பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து.
தசையிடம் 'போதும், நிற்பாட்டு' என்று சொல்லவே
உடம்பில் ஒரு புரதம் இருக்கிறதாம்.
சிலருக்கு அதன் குரல் உரத்தது.
சிலருக்கு, காற்று அள்ளிக்கொண்டு போகிற
கோயில் ஒலிபெருக்கி மாதிரி.
அது மட்டுமில்லைப் பிள்ளையள், நூறு நூறாய்க் கிடக்கு,
ஒவ்வொண்டும் துளித்துளியாய்த்தான் செய்யும் என்றா ரீச்சர்,
கரும்பலகையைத் துடைத்தபடி.
பரீட்சைக்கு அது வராது என்றும் சொன்னா.

பயிற்றுநர் ஒருநாள் கேட்டார்:
"இது ஆற்றை பக்கம்?
கொம்மாவைப் பாத்தால் அப்பிடித் தெரியேல்லையே."
நான் பாரின் கொலரை இறுக்கினேன்.
இன்னொருக்கால் இறுக்கினேன்.

அப்பாவின் படம் எங்களிடம் இல்லை.
கலியாண அல்பம் பங்கருக்குள் தண்ணியில் ஊறிப்போனது.
அடையாள அட்டையின் பிரதி ஒன்று இருக்கிறது,
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
போட்டோக்கொப்பிக் கறுப்பு.
எனக்கு அப்போது ஒன்றரை வயது.

பாரைத் தோளில் வாங்கி எழும்பும்போது
என் தொடையில் ஒரு வரி விழும்,
முழங்காலுக்கு மேல், உள்பக்கம்.
சாப்பாட்டுப் பெட்டியோடு வந்த அம்மா
அதைக் கண்டு வாசலிலேயே நின்றா.
"லொறியிலை மூட்டை ஏத்தேக்கை அவருக்கும்..."
மிச்சத்தைச் சொல்லவில்லை.
முட்டையை உரிக்கத் தொடங்கினா.
வெள்ளையோடு சேர்த்து உரித்தா.

இடுப்பு அம்மாவுடையது.
போட்டிக்கு ஆறு நாள். அறுபத்தைந்து தசம் எட்டு.
சோறு விட்டேன், சீனி விட்டேன்,
மழையங்கி போட்டுக் குளக்கட்டில் ஓடினேன்.
முகம் வற்றியது, தோள் வற்றியது.
அடிவயிற்றுக் கொழுப்பு மட்டும்
உறுதி கையிலிருக்கிற காணிக்காரனைப் போல
அசையவில்லை.

"எல்லாம் உங்கடை கொழுப்பு!" என்று கத்தினேன்.
அம்மா கோபிக்கவில்லை.
"வெறுங் கஞ்சியோடை கிடந்த மாதங்களிலை
உனக்குப் பால் வந்தது இதாலைதான்" என்றா,
மா குழைத்தபடி,
உப்பின் விலை சொல்லுகிற குரலில்.

கிளிநொச்சி. நிறை எடுக்கும் மேசை. படிவம்.
பெயர். பாடசாலை. தகப்பன் பெயர்.
உயிருடன் உள்ளாரா, இல்லையா.
இரண்டையும் வெட்டாமல் விடுவது எங்கள் வீட்டு வழக்கம்.
வேறொன்றை வெட்டினேன்:
அறுபத்து நாலு.
பக்கத்தில் எழுபத்தொன்று என்று எழுதினேன்.

"விசரி, அந்தப் பிரிவிலை
எல்லாரும் உன்னைத் திண்டுபோடுவாளவை" என்றாள் மிதுலா.
அவளுக்கு நாற்பத்தொன்பது.
முந்தநாள் தன் நிறையைவிட
மூன்று கிலோ கூடத் தூக்கினாள், அதே கையால்.
அது ஆற்றை பக்கம் என்று
ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.
நானும்தான்.

பெயர் கூப்பிட்டார்கள்.
மைலோ ரின்னுக்குள் இரண்டு கையும் விட்டு எடுத்தேன்.
மேடையேறும்போது அறியாமல் தொடையில் துடைத்துவிட்டேன்.
அந்த வரிக்கு மேலேயே
ஐந்து விரலும் வெள்ளையாய்ப் பதிந்தது,
என்னுடைய விரல்.

கடிகாரம் ஓடத் தொடங்கியது.
ஒரு நிமிடம் தருவார்கள்.