கேட்டுக்கொள்கிறேன்

பிலவேந்திரன் பர்னாந்து எழுந்தால்
ஒரு கட்சியே எழுந்துவிட்டது என்று பொருள்.
கரையோர உரிமைக் கழகத்துக்கு மக்களவையில்
தலைவர் அவர், கொறடா அவர்,
கொறடாவுக்குக் கட்டுப்பட்ட ஒரே உறுப்பினரும் அவர்.

தமிழில் பேசப்போவதாகக் காலையிலேயே
சீட்டு வந்துவிடும், பச்சை மசியில்.
முறை வருவது இரவு எட்டே முக்காலுக்கு,
பெரிய கட்சிகள் பேசிக் களைத்தபின்
இரண்டு நிமிடம்.
கண்ணாடி அறைக்குள் காதுக்கருவி மாட்டி
அவருடைய நானை
ஆங்கிலத்தில் நான் சொல்வேன்.

நான் வலை பின்னுகிறவன் மகன், என்றேன்.
பிறந்தது கரோல்பாக்கில். கடலைப் பார்த்தபோது
எனக்கு இருபத்து மூன்று வயது.
என் ஆட்கள் ஐந்து நாளாய்க் கரை திரும்பவில்லை, என்றேன்.
அவர் கச்சான் என்றதற்கு
மேற்குக் காற்று என்றேன்.
அதற்குள் இருந்த பட்டினியை
மூன்று நொடியில் எங்கே போய்த் தேட?

ஐந்து தேர்தல், மூன்று வெற்றி,
அதில் ஒன்று நூற்றுப் பன்னிரண்டு வாக்கில்.
பதினொரு மாதம் இணையமைச்சர்.
மீன்வளம் கேட்டவருக்கு உரம் கொடுத்தார்கள்.
எழுதிக் கொடுத்ததை ஆங்கிலத்தில் வாசித்தார்.
அந்தப் பதினொரு மாதமும்
எனக்கு அவரால் வேலையில்லை.

பிறகு ஆழ்கடல் மசோதா.
காலையில் பதவியை விட்டார். மதியம்
மைத்துனர் கட்சியை உடைத்துத்
துடுப்புச் சின்னத்தோடு போய்விட்டார்.
இரவு சீட்டு வந்தது.

"நான் கெஞ்சவில்லை" என்று தொடங்கினார்.
"கடல் உங்கள் அப்பன் வீட்டு வாய்க்கால் இல்லை."

காலை பதினொன்றிலிருந்து
ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லித்
தேய்ந்த வாய் என்னுடையது.
இந்த அவையைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், என்றது அது.
அப்பனை அவைத்தலைவர் குறிப்பிலிருந்து நீக்கினார்.
நீக்க முடியாத மிச்சமாக
என் பணிவு அச்சில் ஏறியது.
மறுநாள் நாளிதழில்: உருக்கமான கோரிக்கை.

சனவரிப் பனிமூட்டம், உணவக வாசல்.
தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்தியபடி
"இங்கிலீஷ்ல நான் ரொம்ப நல்ல பிள்ளையாமே"
என்றார். சிரித்தார். எனக்கும் ஒரு தேநீர் சொன்னார்.
மன்னிப்புக் கேட்கத் தமிழில் வாக்கியம் தேடினேன்.
அதற்குள் யாரோ அழைத்துப் போய்விட்டார்கள்.

அடுத்த சீட்டின் அடியில் ஒரு வரி கூடியிருந்தது:
கெஞ்சவில்லை என்றால் கெஞ்சவில்லை என்றே.

அந்தத் தேர்தலில் மூன்றாம் இடம்.
நார்த் அவென்யூ வீட்டுக் கதவில்
பெயர்ப்பலகை இருந்த இடம்
நாலு திருகு ஓட்டையோடு கொஞ்ச நாள் வெளுப்பாய்க் கிடந்தது.
அவர் கரையிலிருந்து இப்போது வருபவர்
நேராக ஆங்கிலத்திலேயே பேசுகிறார்,
பணிவுக்கு என்னை எதிர்பார்க்காமல்.

ஜூன் மாதம். மயூர் விகாரில்
மூன்று நாளாய்க் குழாயில் காற்று.
தெருமுனையில் தண்ணீர் லாரி.
ஓட்டுநர் கைகாட்டி வரிசையைத் துரத்தினான்.
நான் கெஞ்சவில்லை, என்றேன்
இந்தியில், பிசகாமல், உரக்க.
காதில் கருவி இல்லை.
பின்னாலிருந்து யாரும் பேசவில்லை.

அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
எத்தனை வாளி, என்று கேட்டான்.