எண்ணப்படாத வாரம்

வாட்சோவில் டிசம்பர். பதினொரு மணிக்குக் கடல்
கொஞ்சம் நீலம் காட்டிவிட்டு
உடனே மறைத்துக்கொண்டது.
தூரிட் ஹீட்டரை முழங்காலால் நகர்த்தி
நிரலை ஓட்டினாள்.

திரையில் லெமிங்குகள் பெருகின,
வழக்கம்போல் நான்காம் ஆண்டில் சரிந்தன.
சரிவது சரிதான்.
ஆனால் தரையில் நிற்கவில்லை.
சுழியத்தைத் துளைத்துக்கொண்டு போய்
கழித்தல் எழுநூறு லெமிங்குகள்
துந்திரத்துக்கு அடியில் எங்கோ
இல்லாமல் மேய்ந்தன.
அவற்றைத் தின்னப் போன நரிகள்
இரண்டே கோடையில் தீர்ந்தன.

டிரோம்சோவிலிருந்து ஹோகுன் சொன்னான்:
கீழே போனால் சுழியம் என்று வைத்துவிடு.
ஒரே வரி. யார் பார்க்கப்போகிறார்கள்?
அந்த வரியை அடித்தாள்.
வளைவு அழகாகப் படுத்துக்கொண்டது.
நரிகள் அப்படியும் செத்தன.
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று
சாதிக்கத் தயாராக இருந்தது நிரல்;
நாலாவது காலை வெட்டிக் கொடுத்தது
இவள் கை.
அழித்தாள்.

பிறகு தோண்டினாள்.
ஆறு வருட மாற்றக் குறிப்புகள்,
எல்லாம் யோஸ்டைன் போனபோது விட்டுப்போனவை.
'அலகை மாற்றினேன்.'
'பழைய அலகுக்கே திரும்பினேன்.'
'ஏன் ஓடுகிறது என்று தெரியவில்லை, தொடாதே.'
தொட்டாள்.
நானூறு வரி நீண்டு கிடந்த ஒரே செயற்கூற்றை
பிறப்பு தனி, சாவு தனி, நரி தனி என்று பிரித்தாள்.
பகடை ஒவ்வொரு முறையும் ஒரேமாதிரி விழ
விதை எண்ணாகத் தன் வீட்டுக் கதவிலக்கத்தை வைத்தாள்.
இரண்டு லெமிங், ஒரு நரி, பனி இல்லை:
விடையைத் தாளில் கையால் போட்டுவிட்டு
கணினியிடம் கேட்டாள்.
ஒத்துப்போனது.
பதினான்கு டெஸ்ட், பதினான்கும் பச்சை.

அப்படியென்றால் கணக்கில் இல்லை கோளாறு.

தரவுக் கோப்பு. இருபத்திரண்டாம் வாரம்.
நான்கு ஒன்பதுகள், முன்னால் ஒரு கழித்தல் குறி.
கட்டத்தைக் காலியாக விட மனமில்லாமல்
என்றோ யாரோ நட்ட குச்சி.
நிரல் அதைப் பயிர் என்று நம்பி
அறுவடை செய்திருக்கிறது.

நெஸ்ஸெபியில் அஸ்லாக் போனை எடுக்க
நேரமாயிற்று. நோட்டைப் புரட்டும் சத்தம்.
'அந்த வாரமா? ஆற்றில் பனி உடைந்துவிட்டது.
பொறிகள் அக்கரையில். நான் இக்கரையில்.
ஸ்கூட்டர் நடுவில்.'
லெமிங்?
'எண்ணவில்லை என்றால் இல்லை என்றா அர்த்தம்?
ஆந்தைகள் ஏழெட்டு அங்கேயே வட்டமடித்தன,
நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
உங்கள் படிவத்தில் ஆந்தைக்கு ஒரு கட்டம் இல்லை.'

எண்ணை எடுத்துவிட்டு 'தெரியாது' என்று வைத்தாள்.
தெரியாது என்பதைக் கூட்டக் கூடாது, கழிக்கக் கூடாது
என்று பதினைந்தாவது டெஸ்ட்.
குறிப்பில் எழுதினாள்:
'வாரம் 22. யாரும் போகவில்லை. சுழியம் அல்ல.'

ஓட்டினாள். ஏழு விநாடி.
லெமிங்குகள் சரிந்து, பதினொன்றில் நின்று,
யோசித்து, ஏறின.
நரிகள் பிழைத்தன.

இந்தச் சொல்லை இங்கே எழுதும்போது
என் மொழி கொஞ்சம் தடுக்குகிறது:
உயிரோடிருந்தன என்றும் படிக்கலாம்,
தவறு செய்தன என்றும்.
இரண்டையும் விட்டுவைக்கிறேன்.

தூரிட் கோட்டை மாட்டிக்கொண்டாள்,
ஒரு கையுறையோடு திரும்ப வந்து உட்கார்ந்தாள்.
செய்யவேண்டியவை பட்டியலில் ஒரு வரி,
ஒற்றை விரலால்:
ஆந்தைக்கு ஒரு கட்டம்.