முதுகு இறங்கிய கால்

மஸ்ஜித் பந்தரில் ரிவர்ஸ் எடுத்த லாரி
என் முழங்காலுக்குக் கீழே
ஒரு நிமிடம் நின்றது.
டிரைவர் இறங்கி வந்து பார்த்துவிட்டு
மறுபடி ஏறித்தான் எடுத்தான்.

எலும்பைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.
படத்தில் தெரிவது அதுதானே.
கம்பி, திருகாணி, வெளியே நீட்டிய இரும்புச் சட்டம்.
பதினோரு மாதம் நான் பாதிக் கட்டடம்.
உடைந்த இரண்டு முனையும்
பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிபோல
எதிரெதிரே இருந்தன, பேசவில்லை.

சயானில் டாக்டர் கர்ணிக்
படத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கட்டைப் பிரித்தார்.
பள்ளத்தில் விரலை வைத்து
"இங்கே இருந்தது எங்கே?" என்றார்.
லாரி கொண்டுபோனது,
பிறகு கத்தி கொண்டுபோனது,
மிச்சத்தைச் சீழ் தின்றது.
பாதி மராத்தி பாதி இந்தியில் சொன்னார்:
சுவர் நிற்கிறது, குழாய் இல்லை.
குழாய் இல்லாத வீட்டில் யார் குடியிருப்பார்?
தாராவியில் பிறந்தவனுக்கு
இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

சட்டையைக் கழற்றச் சொன்னார்.
இருபத்திரண்டு வருடம்
வெங்காயமும் சர்க்கரையும் ஏறி இறங்கிய முதுகு.
மாடு வாங்க வந்தவர்போலத் தட்டிப் பார்த்து
"நல்ல சரக்கு" என்றார்.

ஒன்பது மணி நேரம்.
முதுகின் இடப்பக்கத் தசை
காலில் வந்து படுத்துக்கொண்டது.
முடியைவிட மெல்லிய நூலால்
குழாயோடு குழாய் தைத்தார்களாம்.

இரவெல்லாம் மணிக்கொரு தரம்
சிஸ்டர் ஜாதவ் பேனா போன்ற ஒன்றை
அதன்மேல் வைத்துக் கேட்டாள்.
உஷ்... உஷ்... உஷ்...
எங்கள் சந்தில் அதிகாலை நாலரைக்கு
காற்று முந்தி, தண்ணீர் பிந்தி
குழாய் இருமுமே, அந்தச் சத்தம்.
வரிசையில் குடம் வைக்காமல்
எனக்கு வந்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் மாதப் படத்தில்
இரண்டு முனைக்கும் நடுவே புகைமாதிரி ஏதோ.
"அதுதான்" என்றார் கர்ணிக்.
நான் படத்தில் அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

இனி மூட்டை கிடையாது.
சங்க ஆபீசில் ரசீது எழுதுகிறேன், உட்கார்ந்து.
இடது கையை உயரத் தூக்கினால்
யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடிக்கிறார்கள்.
காலில் அந்த மேடு தடித்துக் கிடக்கிறது.
தொட்டால் தெரியாது,
கிள்ளினாலும்.

நேற்று ராத்திரி செல்வக்கனி
அதன்மேல் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.
சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.
உள்ளங்கையை விளக்கருகே விரித்துக் காட்டினாள்:
நசுங்கிய கொசு,
ஒரு சொட்டுச் சிவப்பு.
"ஓடுதுல்ல?" என்றாள்.